ஒண்ணு, சைபர், ஒண்ணு

சீட்டில் இருந்தது அவ்வளவுதான்.
காலையில் ஒண்ணு, மத்தியானம் சைபர், ராத்திரி ஒண்ணு.
சாப்பாட்டுக்கு முன்.

யாருடைய காலை என்று சீட்டும் சொல்லவில்லை
நானும் கேட்கவில்லை.
பெரியாஸ்பத்திரி வரிசையில் என் முதுகுக்குப் பின்னால்
நாற்பது பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

காளவாசலில் நான் கல் பற்றவைக்கிறபோது
சாயங்காலம் ஆறு.
கடைசிக் கொத்தை வாழையிலையில் மடித்துக் கொடுத்துவிட்டு
மிஞ்சின சால்னாவோடு நான் உட்கார
ரெண்டரை, மூணு ஆகும்.
படுக்கிற நேரத்துக்குப் பால் வண்டி வந்துவிடும்.

எட்டு மணிக்கு ஒச்சம்மா உலுக்குவாள்.
கண்ணைத் திறக்காமலே மாத்திரை, ஒரு மடக்குத் தண்ணி,
திரும்பத் தூக்கம்.
பன்னிரண்டு வரைக்கும் வெறும் வயிற்றில்
அது மட்டும் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

வேர்த்து நனைந்து விழித்த நாட்களில்
மின்விசிறியைத் திட்டினேன்.
கை நடுங்கினால்
இருபது கிலோ மைதா பிசைந்த கைதானே என்றேன்.

ஒருநாள் குளியலறை வாசலில் கிடந்தேனாம்.
மாடிவீட்டு நர்ஸ் மெஹருன்னிசா
விரலைக் குத்திப் பார்த்துவிட்டு
‘நாப்பத்தெட்டு’ என்றாளாம்,
சீனியைக் கரைத்துக் கொண்டா என்றாளாம்.
சக்கரைக்காரனுக்குச் சீனியா!
தெரு வாயைப் பொத்தியது.
எனக்கு நினைவு வந்தபோது நாக்கில் இனிப்பு,
ஒச்சம்மா கையில் காலி டம்ளர்.

அன்றிலிருந்து எழுதுகிறேன்.
கிழித்த காலண்டர் தாளில்
முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம்.
பின்பக்கம் என் கண்டம்.

பரோட்டா மூணு. ரெண்டு மணி நேரம் கழித்து
இருநூத்தி எண்பத்தாறு.
தோசை ரெண்டு, முட்டை ரெண்டு: நூத்தித் தொண்ணூறு.
மாத்திரை போட்டுத் தூங்கி எழுந்து: அறுபத்தொண்ணு.
சித்திரைத் திருவிழா, அழகர் இறங்கின ராத்திரி,
கூட்டத்தில் பார்க்க முடியவில்லை.
ஒரு ஸ்ட்ரிப் ஒரு பரோட்டா விலை.
அதனால் சில தாள்கள் வெறும் ராகுகாலம்தான்.

ரப்பர் பேண்ட் போட்ட அந்தக் கட்டைப் பிரித்து
டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினார்.
வெளியே வரிசை முணுமுணுத்தது.
‘எத்தனை மணிக்குத் தூங்குவீங்க?’

ஒன்பது வருசத்தில் முதல் தடவை.

பிறகு சொன்னார்:
இதே மாத்திரையை எழுந்தபின் சாப்பாட்டோடு மாற்றலாம்,
காசில்லை, ஆனால் சக்கரை இறங்கலாம்,
உங்களுக்கு நெருப்புப் பக்கம் வேலை.
இன்னொன்று, அவ்வளவு சுலபத்தில் இறக்கிவிடாது,
வெளியே வாங்கணும், மாசத்துக்கு ரெண்டு நாள் கூலி.
இல்லையென்றால் ஊசி.
‘ஊசின்னா கடைசிக் கட்டமா?’
‘யார் சொன்னா? அதுவும் ஒரு வழி.
உங்களுக்கு எது தோதுப்படும்?’

சாதாவா, வீச்சா, கொத்தா,
முட்டை போடவா, வெங்காயம் தூக்கலா என்று
ராத்திரிக்கு இருநூறு பேரிடம் கேட்கிறவன் நான்.
என்னிடம் கேட்டதும் வாயடைத்துவிட்டது.
சாப்பிடவே தெரியாதவன் மாதிரி
மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெண்டாவது, என்றேன். ரெண்டு மாசம் பார்ப்போம்.
ஊசியை வேண்டாமென்று சொல்லவில்லை,
வீட்டில் பிரிட்ஜ் இல்லை, கல்லுச் சூட்டில் மருந்து கெடுமா,
பண்டிகை நாளில் அளவு என்ன,
இன்னும் ஒன்று கேட்க நினைத்து மறந்துபோனேன்.
அவர் ‘காலை’யை அடித்துவிட்டு
‘எழுந்தபின்’ என்று எழுதினார்.
பேனா அழுத்தினதில் சீட்டு லேசாகக் கிழிந்தது.

இன்றைக்கு முதல் உருண்டையை வீசுமுன்
எண்ணெய்க் கையைக் கழுவித் துடைத்து
விரலைக் குத்தினேன்.
நூத்தி முப்பத்தெட்டு.
நல்லதா என்று நம்பரை மட்டும் பார்த்தால் தெரியாது.
எதற்கு முன், எதற்குப் பின் என்று
பக்கத்தில் எழுதினேன்.
மறந்துபோன கேள்வி அப்போது ஞாபகம் வந்தது.
அதையும் எழுதினேன்.